எளிய கேமரா, யாருக்கு எளிது?

போன வருடம் முழுக்க நான் ஒரு கேமரா வாங்கிக்கொண்டிருந்தேன். வாங்கியது ஒரே ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் வாங்கப் போவதாக இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொந்த லேப்டாப்பைத் திறந்து, 1950களில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்த கேமராக்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "சிம்பிளா ஒண்ணு வேணும்னுதானே ஆரம்பிச்ச? அதுக்கா இவ்ளோ கஷ்டம்?" என்றாள்.

எனக்கு வேண்டியது என்னவென்று தெளிவாகத்தான் இருந்தது. 120 ஃபிலிம் போடும் பழைய கேமரா. பேட்டரி கூடாது. திரை கூடாது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள், அவ்வளவுதான்.

120 ஃபிலிம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1901-இல் கோடக் நிறுவனம் தன் இரண்டாம் எண் பிரௌனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்தது இது. ஆறு சென்டிமீட்டர் அகல ஃபிலிம், அதோடு சேர்த்துச் சுற்றிய ஒரு காகிதம், காகிதத்தின் முதுகில் எண்கள். அதே அளவு ஃபிலிம் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய ஃபோன் சார்ஜர் இப்போது எதற்கும் பொருந்துவதில்லை. நூறு வருடத்துக்கு முந்திய கேமராவில் நேற்று வாங்கிய ரோல் போய் உட்காருகிறது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிட மயக்கம் தரும் விஷயம் கிடையாது. சதுரமாக எடுத்தால் படத்தின் அளவு பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். நாமெல்லாம் பார்த்து வளர்ந்த 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃப்ரேமைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் அதிகம். நெகட்டிவைக் கையில் பிடித்து ஜன்னலுக்கு நேரே காட்டினாலே முகம் தெரியும். இதைத்தான் மீடியம் ஃபார்மட் என்கிறார்கள்.

ஏன் வேண்டும் என்ற கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். என் ஃபோனில் அப்போது 41 ஆயிரம் படங்கள் இருந்தன. மகள் பிறந்த அன்று மட்டும் 312. அதில் ஒன்றைக்கூட நான் அதற்கப்புறம் நின்று பார்த்ததில்லை. எண்ணிக்கை குறைந்தால் கவனம் கூடும் என்று நம்பினேன். பன்னிரண்டுதான் என்றால் கை சும்மா அமுக்காது, கண் முதலில் பார்க்கும். எங்கள் தொழிலிலும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு: நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் எழுதிய நிரல்கள் அழகானவை, இப்போது எல்லாம் கிடைப்பதால் எல்லாம் குப்பை. பழைய ஆட்கள் சொல்வது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது.

ஆனால் அந்த நம்பிக்கையில் ஏதோ உறுத்தியது. வீட்டில் அரிசி நிறைய இருப்பவன் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதற்கும், அரிசி இல்லாதவன் அன்றைக்குச் சாப்பிடாமல் இருப்பதற்கும் பெயர் வேறு. நான் இருபத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு போதாமையை வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஃபிலிம், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ரோலுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் வரும். ஒரு படத்துக்கு நூற்றிருபத்தைந்து. இது ஒழுக்கமா, அல்லது ஒழுக்கத்தின் விலையுயர்ந்த பொம்மையா? இந்தக் கேள்வியை நான் ஒத்திப்போட்டேன். கேமராக்களைப் பார்ப்பது சுவாரஸ்யமாக இருந்தது.

*

பார்த்ததைக் கொஞ்சம் சொல்கிறேன், இதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு.

ஸ்வீடனின் ஹாசல்பிளாட் 500சி, 1957-இல் வந்தது. லென்ஸ், உடம்பு, ஃபிலிம் பெட்டி எல்லாம் தனித்தனியே கழன்று வரும். அற்புதமான கருவி. ஆனால் அது ஒரு அமைப்பு; ஒன்று வாங்கினால் நான்கு வாங்க வைக்கும். எளிமை தேடிப் போகிறவன் வழியில் நிற்கவேண்டிய இடம் இல்லை. ரோலிஃப்ளெக்ஸ், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929-இல் தொடங்கியது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது எடுக்க. இந்த இரட்டை லென்ஸ் வடிவத்துக்கு ஒரு முகம் கொடுத்ததே அதுதான். நல்ல நிலையில் இருப்பது என் பட்ஜெட்டுக்கு மேலே.

மடக்குக் கேமராக்கள் இருக்கின்றன. ஸைஸ் ஐகான் நெட்டார் மாதிரி. சட்டைப் பைக்குப் பெரிது, கோட்டுப் பைக்குச் சரி. திறந்தால் துருத்தி விரிந்து லென்ஸ் முன்னால் வரும். அந்தத் துருத்திதான் வம்பு. அறுபது வருடத்தில் மடிப்பின் மூலைகளில் ஊசி முனை அளவு ஓட்டைகள் விழுந்திருக்கும். இருட்டறையில் உள்ளே ஒரு சின்ன டார்ச்சைப் போட்டுப் பார்த்தால் வானத்து நட்சத்திரம் மாதிரி தெரியும் என்பார்கள். விற்கிறவர் யாரும் அந்தப் படத்தை அனுப்புவதில்லை.

லெனின்கிராடில் செய்த லூபிடல் மலிவு, பிளாஸ்டிக், பார்க்கும் கண்ணாடி மங்கல். 1982-இல் ஹாங்காங்கில் வந்த ஹோல்கா இன்னும் மலிவு. லென்ஸே பல மாடல்களில் பிளாஸ்டிக். அதன் ஒளிக்கசிவையும் ஓரம் இருண்டு போவதையும் அழகு என்று கொண்டாடுகிற கூட்டம் உலகம் முழுக்க உண்டு. எனக்கு அதில் ஒட்டவில்லை. சாதாரண மக்கள் குறைந்த விலையில் குடும்பப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று செய்த பொருள் அது. அதன் இயலாமையை நாம் எடுத்து அழகியல் என்று சட்டைப் பொத்தானில் குத்திக்கொள்வது எனக்கு என்னமோ செய்கிறது. (இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.)

இப்படித் தேடிக்கொண்டே போனபோது ஒன்று புரிந்தது. எளிய கேமரா என்பது இரண்டு எதிரெதிரான பொருளில் சொல்லப்படுகிறது. ஒரு பொருளில், எடுப்பவருக்கு வேலையே இல்லாதது எளியது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் அப்படிப்பட்டது. 25 டாலர், நூறு படத்துக்கான ஃபிலிம் உள்ளேயே போட்டு வரும். முடிந்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் கழுவிப் பிரதி போட்டு, புது ஃபிலிம் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து வந்த பிரௌனி ஒரே டாலர். இன்னொரு பொருளில், கருவிக்குள் எதுவும் இல்லாதது எளியது. அப்படியானால் வெளிச்சத்தைக் கணிப்பது, தூரத்தை அளப்பது, ஃபிலிமைத் திருகுவது எல்லாம் எடுப்பவர் தலையில். கணினித் துறையில் லாரி டெஸ்லர் சொன்ன ஒரு விதி உண்டு: எந்த அமைப்பிலும் குறைக்க முடியாத அளவு சிக்கல் ஒன்று இருக்கும், அதை யாராவது ஒருவர் சுமந்தே ஆகவேண்டும், பயனர் சுமக்கிறாரா செய்பவர் சுமக்கிறாரா என்பதுதான் கேள்வி. அவர் மென்பொருளைப் பற்றிச் சொன்னார். எனக்கு அது வீட்டு வேலையைப் பற்றிச் சொன்ன மாதிரியே எப்போதும் படும். ஒரு வீட்டில் யாருக்கோ எல்லாம் எளிதாக நடக்கிறதென்றால் வேறு யாரோ உள்ளே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

*

இந்தக் கட்டத்தில்தான் பெரியப்பாவின் கேமரா வந்து சேர்ந்தது.

சாத்தூர் வீட்டில் பரண் ஒழித்தபோது கிடைத்ததென்று அண்ணன் பார்சல் அனுப்பியிருந்தார். ஆக்ஃபா கிளிக் 3. அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே செய்து, நம் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த கேமரா. 120 ஃபிலிம், பன்னிரண்டு சதுரப் படம். லென்ஸ் என்பது ஒற்றைக் கண்ணாடிச் சில்லு. ஃபோகஸ் திருகுவதற்கு எதுவும் இல்லை. சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் தெளிவு என்று வைத்துக்கொள்ள வேண்டியது. வெளிச்சத்துக்கு இரண்டு குறி: வெயில், மேகம். ஷட்டருக்கு ஒரே வேகம். பின்னால் வட்டமாக ஒரு சிவப்பு ஜன்னல், அதில் காகிதத்தின் எண் தெரியும் வரை திருக வேண்டும். திருக மறந்தால் ஒரே ஃப்ரேமில் கல்யாணமும் கோயிலும் ஏறிக்கொள்ளும்.

ஷட்டர் இன்னும் அடித்தது. ஃபோனில் சத்தத்தைப் பதிந்து அளந்து பார்த்தேன். முப்பத்தைந்தில் ஒரு பங்கு விநாடி. தேடியதெல்லாம் வீணா, எளிய கேமரா வீட்டிலேயே இருந்திருக்கிறதே என்று நினைத்தேன். கூடவே ஒரு பிரிட்டானியா பிஸ்கட் டின்னில் நெகட்டிவ்கள். பெரியப்பா தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். எதையும் உறை போட்டுத் தேதி எழுதி வைக்கிற கை. 1976 முதல் 1984 வரை, பத்தொன்பது ரோல்கள். உறைகளில் சிலவற்றில் 'இந்து' என்று அச்சிட்டிருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் தயாரித்த ஃபிலிம் அது. நீலகிரிக் குளிரில் பூசிய வெள்ளி உப்பில் எங்கள் சாத்தூர் வெயில் படிந்திருந்தது. அந்த ஆலை இப்போது இல்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். கெட்டுப்போனவை நீங்கலாக 191 படங்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வாசலில் மொட்டை போட்ட குழந்தைகள். தண்ணீர் வந்த வைப்பாறு. சுண்ணாம்பு அடித்த வீட்டு முகப்பு. அண்ணனின் புது சைக்கிள், அண்ணன் இல்லாமல். பல படங்களின் அடியில் தொப்பி போட்ட மாதிரி ஒரு நிழல் விழுந்திருக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்ற விதியைப் பெரியப்பா தவறாமல் கடைப்பிடித்ததால் அவர் நிழல் படத்துக்குள் வந்துவிட்டிருக்கிறது. ஆள் இல்லாத படத்திலும் அவர் இருக்கிறார்.

ஸ்கேன் செய்யும்போதே பழக்கதோஷத்தில் ஒரு அட்டவணை போட்டேன். எந்தப் படத்தில் யார் யார். முடித்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அத்தை இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, பெரியப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அதற்குப் பிறகு அங்கேயே இருந்தார், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். 1976-இல் அவருக்கு இருபத்தேழு வயது. பத்தொன்பது ரோலில் இரண்டு கல்யாணக் கூட்டப் படங்களில் பின்வரிசையில் பாதி முகம். மூன்றாவது ஒன்று உண்டு. திண்ணையில் விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம். வலது ஓரத்தில் காபி டம்ளர் தட்டை நீட்டுகிற ஒரு முழங்கை. அதில் சூடு பட்ட தழும்பு. அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. வீட்டில் பிறந்த ஒரு கன்றுக்குட்டிக்கு இரண்டு ஃப்ரேம் முழுசாக இருக்கிறது.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் தொழில் புத்தி வேலை செய்தது. அத்தை பகல் முழுக்க அடுக்களையில் இருந்தார். அந்த அடுக்களையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: ஒரு கை அகல ஜன்னல், விறகடுப்பு, கரி பிடித்த சுவர், நாற்பது வாட் பல்பு. பட்டப்பகல் வெயிலுக்கும் அப்படி ஒரு அறைக்கும் வெளிச்சத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும். கிளிக் 3-இன் லென்ஸ் அகலத் திறந்தாலே எஃப் 8.8. அன்றைய நூறு வேக ஃபிலிமை வைத்து, அந்த ஒரே ஷட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால், அடுக்களையில் இருந்த வெளிச்சத்தைப் போல எண்பது மடங்கு வேண்டியிருந்திருக்கும். ஃப்ளாஷ் தனியாக வாங்கவேண்டும், பல்பு ஒரு முறைக்கு ஒன்று எரிந்துபோகும், பெரியப்பா வாங்கவில்லை. ஆக, அத்தை அந்தக் கேமராவின் எல்லைக்கு வெளியே இருந்தார். யாரும் அவரை ஒதுக்கவில்லை, இயற்பியல் ஒதுக்கியது.

இந்த விடை எனக்கு ஒரு முழு நாள் நிம்மதி தந்தது.

மறுநாள் அந்தக் கன்றுக்குட்டிப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். தொழுவம் அடுக்களையைவிட இருட்டு. கன்றை வெளியே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தித்தான் எடுத்திருக்கிறார்கள். கழுத்துக் கயிறு படத்துக்கு வெளியே போகிறது. அதை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "ஒரு நிமிசம் வெளிய வாம்மா" என்று கூப்பிடுவதற்கு எஃப் எண் எதுவும் தடையில்லை.

*

பெரியப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அத்தைக்கு ஒரு குறை வைத்ததாக ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். மாதச் சம்பளத்தில் ஒரு ரோல் வாங்கினால் அது தீபாவளிக்கும் மொட்டைக்கும் கல்யாணத்துக்கும் போதவேண்டும். பன்னிரண்டே இருக்கிறது என்றால் எது எடுக்கத் தகுந்ததோ அதைத்தான் எடுப்பார்கள்.

சிக்கலே அந்த 'தகுந்தது'தான். குறைவாக இருந்தால்தான் ஒன்றின் மதிப்பு தெரியும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எதன் மதிப்பு? கையில் பன்னிரண்டு இருக்கிறவர் உட்கார்ந்து புதிதாக ஒரு மதிப்பைக் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே வீட்டில் ஒரு வரிசை இருக்கும், அந்த வரிசைப்படி கொடுப்பார். சோறு குறைவாக இருக்கிற வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆம்பளைகள், பிள்ளைகள், விருந்தாளி, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர். பற்றாக்குறை அந்த வரிசையை உண்டாக்கவில்லை. வெளியே தெரியும்படி செய்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு படம் என்னைக் கவனமுள்ளவனாக ஆக்கும் என்ற என் ஆசை இங்கே தடுக்கி விழுந்தது. அது என்னை நான் ஏற்கெனவே இருக்கிற ஆளாகத்தான் ஆக்கும், இன்னும் கூர்மையாக.

எதிர்ப்பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. சிகாகோவில் பணக்கார வீடுகளில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்த விவியன் மையர், பல வருடங்கள் ரோலிஃப்ளெக்ஸில் தெருவில் படம் எடுத்தார். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. 2009-இல் அவர் இறந்தார். ஒரு லட்சத்துக்கும் மேல் நெகட்டிவ்கள். கழுவப்படாமலே கிடந்த ரோல்களும் நிறைய. அவர் கையிலும் ரோலுக்குப் பன்னிரண்டுதான். அந்தப் பன்னிரண்டு அவரைச் சிக்கனமாக ஆக்கவில்லை. ஆனால் அவர் ஃப்ரேம்களில் கிழவிகளும் குடிகாரர்களும் அழுகிற குழந்தைகளும் வேலைக்காரர்களும் நடுவில் நிற்கிறார்கள். அவர் யாருடைய வீட்டிலோ கடைசியாகச் சாப்பிட்டவர் என்பதால் அப்படியா என்று யோசித்திருக்கிறேன். தெரியாத ஒருவரின் மனதுக்குள் நுழைந்து முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை. தான் எடுத்ததை யாருக்கும் காட்டாதவரின் படங்களை நாமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதே இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

சரி, பற்றாக்குறையைத் திட்டியாயிற்று. நிறைய இருக்கிற நான் என்ன செய்தேன்? என் ஃபோனில் முகம் வைத்துத் தேடும் வசதி இருக்கிறதே, அத்தையின் முகத்தைக் கொடுத்தேன். 41 ஆயிரத்தில் ஒன்பது. அதில் ஆறு, கல்யாண வீட்டுக் கூட்டம். ஒன்றில் கண் மூடியிருந்தது. பெரியப்பாவின் விகிதமே பரவாயில்லை என்று கணக்கு சொன்னது. அவருடையது 191-இல் மூன்று. முழங்கையையும் சேர்த்தால்.

*

அதற்குப் பிறகு கேமரா தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிட்டது. ஒரே நிபந்தனை: சாத்தூர் அடுக்களையில், ஃப்ளாஷ் இல்லாமல், ஒன்றரை மீட்டர் தூரத்தில் அத்தையை எடுக்க முடியவேண்டும். கிளிக் 3 அந்தத் தேர்வில் தோற்றது. அதைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

வாங்கியது யாஷிகா டி. ஜப்பானில் 1958 வாக்கில் வந்த இரட்டை லென்ஸ் கேமரா. 80 மி.மீ. லென்ஸ், எஃப் 3.5. ஷட்டர் ஒரு விநாடியிலிருந்து ஐந்நூறில் ஒரு பங்கு வரை. வெளிச்சமானி கிடையாது. ஒரு மீட்டர் வரை கிட்டே போகலாம். ஃபிலிமைத் திருகக் கைப்பிடி கிடையாது, குமிழ்தான். ஒவ்வொரு படத்துக்கும் நடுப்பொத்தானை அமுக்கி விட்டுத் திருக வேண்டும். ஷட்டரைத் தனியாகச் சொடுக்கி வைக்கவேண்டும். இல்ஃபோர்ட் எச்பி5 ஃபிலிமை 1600 வேகமாகக் கணக்கில் வைத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டினால், அந்தப் பழைய அடுக்களை வெளிச்சத்துக்கு முப்பது நாற்பதில் ஒரு பங்கு விநாடி கிடைக்கும். கையிலேயே பிடித்து எடுக்கலாம். காகிதத்தில் போட்ட கணக்கு அழகாக வந்தது. ஐம்பது வருடப் பாக்கியை ஒரு லென்ஸ் அடைத்துவிடும் என்ற மாதிரி.

இந்த வகைக் கேமராவை வயிற்றுக்கு நேரே பிடித்துத் தலை குனிந்து மேலிருந்து பார்க்கவேண்டும். எதிரில் நிற்பவருக்கு நாம் வணங்குவது போல இருக்கும், அதுவே ஒரு பணிவு என்று இதன் ரசிகர்கள் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் குனிந்த தலை அவரைப் பார்ப்பதில்லை, கண்ணாடியைப் பார்க்கிறது. அதிலும் படம் இட வலமாகத் தெரியும். அவர் வலப்பக்கம் நகர்ந்தால் நாம் இடப்பக்கம் துரத்துவோம்.

தை மாதம் ஊருக்குப் போனேன். கழுத்தில் கேமராவோடு நேராக அடுக்களைக்குப் போய் நின்றேன். சுவரில் வெள்ளை டைல்ஸ், காஸ் அடுப்பு, மேலே எல்.ஈ.டி. டியூப். விறகடுப்பு இருந்த இடத்தில் கிரைண்டர். நான் போட்ட கணக்குக்கு அங்கே வேலையே இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை.

"அத்தை, அப்படியே அடுப்புகிட்ட நில்லுங்க. ஒரு போட்டோ."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா?"

"ஆமா. நீங்க எப்பவும் இருக்கிற எடம்ல."

"ஏய்யா, அம்பது வருசமா இதுக்குள்ளதான கெடக்கேன். போட்டோவுலயும் இங்கயேதான் நிக்கணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தை கோபமாகச் சொல்லவில்லை, கேட்டார், அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சேலை மாற்றி வந்தார். மாம்பழக் கலரில் மெரூன் கரை. வாசலில் வேப்பமரத்து நிழல் தாண்டி, வெயிலில் நாற்காலியைத் தானே கொண்டுபோய்ப் போட்டார். எவ்வளவு தூரத்தில் நான் நிற்கவேண்டும் என்பதையும் கையைக் காட்டி அவரே சொன்னார். பத்தடி.

"ஆளு முழுசா விழணும். செத்தா மால போடுறதுக்கும் ஒண்ணு வேணும்ல, முகத்த மட்டும் வெட்டிக்கிடலாம்."

குனிந்து ஃபோகஸ் திருகிக்கொண்டிருந்தேன். "கலர்தான?" என்றார்.

"இல்லத்தை. கறுப்பு வெள்ளை."

"கறுப்பு வெள்ளையா! அது எதுக்கு? நானே கறுப்பு. சேல கலரு தெரியாண்டாமா?"

வெயில், பத்தடித் தூரம், முழு உருவம், கலர். அத்தை கேட்டது எதற்கும் எஃப் 3.5 தேவையில்லை. நான் சேர்த்துவைத்த போதாமைகள் எல்லாம் என் மன நலத்துக்காக நான் தேர்ந்தெடுத்தவை. அவற்றுக்கான விலையைக் கொடுக்கும்படி அத்தையிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பாவுக்காவது காசில்லை. ஹோல்காக்காரர்களைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், எனக்கும் சேர்த்துத்தான் அது.

ஃபோனை எடுத்தேன். ஏழெட்டு எடுத்தேன். ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அண்ணன் அதைச் சாத்தூரிலேயே பிரிண்ட் போட்டுச் சட்டம் போட்டுவிட்டார். இப்போது அது பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், மாலை இல்லாமல், மாட்டியிருக்கிறது. பூனை மாதிரி சிரிக்கிறார். சேலை நிறம் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கிறது, அவருக்கு அது பிடித்திருக்கிறது. என் மனத்திருப்திக்காக யாஷிகாவிலும் எடுத்துக்கொள்ள விட்டார். அந்த நெகட்டிவ் நன்றாக வந்திருக்கிறது. மேஜை டிராயரில் இருக்கிறது.

எடுத்து முடித்து நாற்காலியை மடக்கும்போது அத்தை கேட்டார்:

"அண்ணன் வச்சிருந்தாகள்ல, கறுப்புப் பொட்டி. உனக்குத்தான அனுப்புனானாம். எங்க அது?"

"சென்னைல இருக்கு அத்தை."

"வேல செய்யுதா?"

"செய்யுது."

"கொண்டாந்திருக்கலாம்ல," என்றார். "அதுல ஒண்ணு எடுத்திருக்கலாம்." உள்ளே போய்விட்டார். குழம்பு அடுப்பில் இருந்தது.

சென்னை திரும்பியதும் கிளிக் 3-ஐ அலமாரியிலிருந்து எடுத்தேன். கோடக் எக்டார், நூறு வேகம், கலர். போட்டுத் திருகினேன். சிவப்பு ஜன்னலில் 1 வந்து நிற்கிறது. அந்த ஜன்னல் இந்தக் காலத்து ஃபிலிமுக்குப் பாதுகாப்பில்லை; கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லியாகிவிட்டது. டிக்கெட் இன்னும் உறுதியாகவில்லை, காத்திருப்போர் பட்டியலில் 14.